படத்தில் இருக்கிற குடல்

படம் அருமையாக வரைகிறார்கள். கல்லீரலுக்குச் செங்காவி, பித்தப்பைக்குப் பச்சை, இரைப்பைக்கு ரோஸ். சிறுகுடலை நெளித்து நெளித்து, அதைச் சுற்றிப் பெருங்குடலை ஏற்றி இறக்கி, கோடு ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து இழுத்துப் பாகங்களைக் குறித்திருப்பார்கள். ஐந்துக்கு ஐந்து போடாமல் இருக்க முடியாது. அப்படி ஐந்து வாங்கிய ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, "உன் இரைப்பை எங்கம்மா இருக்கு, கையை வச்சுக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். கை நேராகத் தொப்புளுக்குப் போகும். அவள் மட்டுமில்லை, வகுப்பு மொத்தமும் தொப்புளைத்தான் தொடும். இரைப்பை அங்கே இல்லை. அதற்கு மேலே, இடது விலா எலும்புகளை ஒட்டி, பாதி அவற்றுக்குள் ஒளிந்து கிடக்கிறது. கல்லீரல் எந்தப் பக்கம் என்று கேட்டால் பாதிப் பேர் இடது பக்கத்தைக் காட்டுகிறார்கள். படத்தில் கல்லீரல் தாளின் இடது பக்கம்தானே இருக்கிறது! படத்தில் இருக்கிற ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறார், அவருடைய வலது நம்முடைய இடது என்று அந்தப் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லவில்லை.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. செரிமான மண்டலத்தை நாம் நடத்துகிற விதம் அப்படி. போர்ஷனை முடிக்க வேண்டும், ரிவிஷன் இரண்டு ஓட்ட வேண்டும், ஸ்லிப் டெஸ்ட் வைக்க வேண்டும், மெல்லக் கற்போருக்கு மினிமம் மெட்டீரியல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த மெட்டீரியலில் செரிமானம் ஒரு அட்டவணையாகச் சுருங்கிவிடுகிறது. உமிழ்நீர் அமைலேஸ் ஸ்டார்ச்சை மால்டோஸாக்கும், பெப்சின் புரதத்தைப் பெப்டோனாக்கும், லைப்பேஸ் கொழுப்பைக் கொழுப்பு அமிலமும் கிளிசராலுமாக்கும். பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிக்கிறார்கள். நடுவில் நிறுத்தி, "காலையில நீ தின்ன இட்லியில இதுல எது எது வேலை செய்யும்?" என்று கேட்டால் ராகம் அறுந்துபோகிறது. இட்லி வேறு, ஸ்டார்ச் வேறு என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரிசியில் ஸ்டார்ச், உளுந்தில் புரதம், சட்னியில் தேங்காயின் கொழுப்பு என்று தட்டிலேயே அந்த அட்டவணை முழுதும் இருந்தது. யாரும் அந்தத் தட்டைக் காட்டிப் பாடம் நடத்தவில்லை.

என் ஆதங்கம் இதுதான். ஒளிச்சேர்க்கையைச் சொல்லித்தர ஒரு செடியைத் தேடிப் போக வேண்டும். அணுவைக் காட்டவே முடியாது. ஆனால் செரிமான மண்டலத்துக்கு எதையும் தேட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அதில் அந்த நிமிஷமே அமிலம் சுரக்கிறது, குடல் அசைகிறது, வலி இருக்கிறது, பசி இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கரும்பலகையில் ஒரு படத்தைப் போட்டு, அந்தப் படத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

சிறுகுடல் 6 மீட்டர் என்று எழுதிப் போட்டால் அது ஒரு மதிப்பெண் விடை, அவ்வளவுதான். நான் வீட்டிலிருந்து ஒரு பழைய புடவையைக் கொண்டுபோவேன். புடவை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணியும் சேர்ந்தால் ஆறைத் தாண்டும். அதைக் கயிறாக முறுக்கி, வகுப்பின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பிள்ளைகளைப் பிடிக்கச் சொன்னால், "இவ்ளோவா டீச்சர்? எனக்குள்ளயா?" என்று ஒரு குரல் வரும். ஆமாம், உனக்குள்ளதான். மடித்து மடித்து வைத்திருக்கிறது. இவ்வளவு நீளம் ஏன் என்று அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள். உறிஞ்சுவதற்கு இடம் வேண்டுமே என்று அப்போது சொன்னால் ஏறும். உட்சுவர் முழுக்க மடிப்புகள், மடிப்புகள் மேல் குடல் உறிஞ்சிகள், அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய நீட்சிகள். டென்னிஸ் மைதானம் அளவு பரப்பு என்று பல புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. 2014இல் சுவீடனில் மறுபடி அளந்து பார்த்துச் சுமார் 30 சதுர மீட்டர் என்று சொல்லிவிட்டார்கள். 30 சதுர மீட்டரே ஒரு பிள்ளையின் வயிற்றுக்குள் இருக்கிறது என்றால் போதாதா?

சோதனை என்று ஒன்று பாடத்தில் இருக்கிறது. ஸ்டார்ச்சின் மேல் உமிழ்நீரின் செயல். நோட்டில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, காண்பன, அறிவன என்று வரி வரியாக இருக்கும். செய்து பார்த்தார்களா என்று கேட்டால் கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதியிருப்பார்கள். காணாததற்குக் காண்பன எழுதுவது என்ன அறிவியல்? இதற்கு லேப் கூடத் தேவையில்லை. சத்துணவுக் கூடத்தில் வடிகஞ்சி கிடைக்கிறது. மருந்துக் கடையில் புண்ணுக்குப் போடுகிற அயோடின் கரைசல் கிடைக்கிறது. கஞ்சியில் நிறையத் தண்ணீர் ஊற்றி ஆறவைத்து, இரண்டு சோதனைக் குழாய்களில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளை வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு குழாயில் மட்டும் கொஞ்சம் உமிழ்நீர் விட வேண்டும். இரண்டையும் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்ளச் சொல்வேன், உடம்புச் சூடு போதும். கால் மணி நேரம் கழித்து இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு அயோடின். ஒரு குழாய் விட்ட நொடியில் கருநீலமாகிவிடும். உமிழ்நீர் விட்ட குழாய் பழுப்பு மஞ்சளாகவே நிற்கும். அதில் ஸ்டார்ச் தீர்ந்துபோயிருக்கும்.

அந்த இரண்டு குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிற பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். தன் வாயில் ஊறுகிற எச்சிலுக்கு ஒரு வேலை உண்டு, அது கண்ணுக்குத் தெரிகிறது என்று அன்றைக்குத்தான் தெரிகிறது. அதற்கப்புறம் வருகிற கேள்விகளை எந்தக் கைடும் தராது. எச்சிலைக் கொதிக்கவைத்து விட்டால்? விட்டுப் பார்த்தோம், கருநீலமாகிவிட்டது. வெப்பத்தில் நொதி கெட்டுவிட்டது. உடனே ஒரு பையன் எழுந்து, "அப்ப சுடச் சுடச் சாப்பிட்டா எச்சில் செத்துப்போயிடுமா டீச்சர்?" என்றான். எவ்வளவு அழகான கேள்வி! வாய்க்குள் போன சூடு சீக்கிரம் தணிந்துவிடும், உமிழ்நீர் புதிதாக ஊறிக்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஊறுகிறது என்று சொன்னேன். இன்னொருத்தி, "முழுங்கினப்புறமும் அது வேலை செய்யுமா?" என்றாள். இரைப்பையின் அமிலம் பட்டதும் நின்றுவிடும், ஆனால் கவளத்தின் நடுவுக்கு அமிலம் போய்ச் சேரும் வரைக்கும் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடைத்தாளில் மதிப்பெண் கிடையாது. சோதனை செய்யாத வகுப்பில் இந்தக் கேள்விகள் பிறப்பதே கிடையாது.

கதையும் சொல்ல வேண்டும். செரிமானத்துக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1822 ஜூன் மாதம், அமெரிக்காவில் மாக்கினாக் தீவில் ஒரு கடையில் துப்பாக்கி தவறி வெடித்து, அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடாக்காரக் கூலியாளின் இடது விலாவுக்குக் கீழே குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்கவைத்தார். ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. அந்த ஓட்டை வழியாக, பட்டு நூலில் கட்டிய இறைச்சியையும் ரொட்டியையும் முட்டைக்கோசையும் உள்ளே இறக்கி, மணிக்கு ஒரு தரம் வெளியே இழுத்துப் பார்த்தார் போமான்ட். இரைப்பை வெறுமனே அரைக்கிற இடமில்லை, அங்கே சுரக்கிற அமிலச் சாறு உணவைக் கரைக்கிறது என்று 1833இல் புத்தகமாகப் போட்டார். இதைச் சொன்ன அன்றைக்கு இரைப்பை எந்தப் பக்கம் என்று ஒரு பிள்ளைக்கும் மறக்கவில்லை. "அவரு சம்மதிச்சாரா டீச்சர்? காசு குடுத்தாங்களா?" என்று கேட்டார்கள். ஏழை, எழுதப் படிக்கத் தெரியாதவர், மருத்துவரிடமே வேலைக்காரராகவும் இருந்தார். 1880இல் அவர் இறந்தபோது உடலை மருத்துவர்கள் கேட்டுவிடப் போகிறார்களே என்று குடும்பத்தார் அழுகவிட்டு, ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள் என்று சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றைக்குப் பார்வையிட வந்திருந்தவர் குறிப்பேட்டில், பாடப்பொருளுக்கு வெளியே நேரம் செலவிடப்படுகிறது என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு மனசு ஆறவே இல்லை.

பாடப்பொருளுக்கு உள்ளே என்னதான் இருக்கிறது? பதினாலு வயசுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "டீச்சர், எனக்கு அல்சர்" என்கிறாள். எந்த மருத்துவரும் சொல்லவில்லை. வீட்டில் சொன்னார்கள், மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். விசாரித்தால் காலையில் ஒரு டீயோடு ஓடி வந்திருப்பாள். பஸ் ஏழரைக்கு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது; ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மதியச் சத்துணவு வரைக்கும் ஒன்றுமில்லை. மூன்றாவது பீரியடில் ஒரு வயிறு சத்தம் போடும், பக்கத்துப் பெஞ்சு சிரிக்கும், அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். நாம் "சைலன்ஸ்" என்று சொல்லிவிட்டு இரைப்பையின் மூன்று பாகங்களை எழுதிப் போடுகிறோம். அந்தச் சத்தம்தானே பாடம்! இரைப்பையும் சிறுகுடலும் காலியாக இருக்கும்போது, சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம், மிச்சம் மீதியை எல்லாம் கீழே தள்ளிச் சுத்தம் செய்கிற அலை ஒன்று ஓடுகிறது. உள்ளே இருக்கிற காற்றும் நீரும் நசுங்கும்போது சத்தம் வருகிறது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அந்த நிமிஷத்தில் சொன்னால் அந்தப் பெண் தலை நிமிர்ந்து உட்காருவாள்.

அல்சரும் அப்படித்தான். காரம் தின்றதால் வந்தது, கவலைப்பட்டதால் வந்தது என்று உலகத்து மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து பேரி மார்ஷல், 1984இல் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கரைத்துத் தானே குடித்து, தன் இரைப்பை அழற்சி கண்டதைக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். குடற்புண்ணுக்கு அந்தப் பாக்டீரியாவும், கண்டபடி விழுங்குகிற வலி மாத்திரைகளும்தான் முக்கியக் காரணங்கள். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிற அம்மாக்கள் நம் ஊரில் எத்தனை பேர்! இதை ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குச் சொன்னால் அன்றைக்குச் சாயங்காலமே அடுப்படிக்குப் போய்ச் சேரும்.

சொல்ல விடாமல் தடுப்பது நேரமின்மை மட்டுமில்லை, அருவருப்பும்தான். எச்சில் என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். மலக்குடல் என்று படிக்கச் சொன்னால் பையன்கள் கிசுகிசுக்கிறார்கள், பெண் பிள்ளைகள் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்கிறார்கள். வருத்தம் என்னவென்றால் ஆசிரியர்களிலும் பலர் அந்த இடம் வந்ததும் "இதை நீங்களே படிச்சுக்குங்க" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். வாயில் ஆரம்பித்த பாடம் பெருங்குடலோடு நின்றுவிடுகிறது. மலச்சிக்கல் உள்ள பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை. குடல் கழுவுவது இவன் வேலை. தேர்வில் தேறுவதே பாடு, மினிமம் மெட்டீரியல் பட்டியலில் முதல் பெயர். ஒரு நாள் குடல் உறிஞ்சிகளைப் பற்றிப் பேசும்போது கையைத் தூக்கி, "குடலைத் திருப்பிப் போட்டுக் கழுவணும் டீச்சர். வெளிப்பக்கம் வழவழன்னு இருக்கும், உள்பக்கம் சொரசொரன்னு பிசுபிசுக்கும். சுண்ணாம்பும் வெந்நீரும் போட்டாத்தான் போகும்" என்றான். ஆட்டுக்கு வயிற்றில் நாலு அறை, ஒன்று துண்டுத் துணி மாதிரி, ஒன்று கட்டம் கட்டமாக, ஒன்று ஏடு ஏடாக என்று கையை விரித்து விவரித்தான். அசைபோடும் விலங்குகளின் இரைப்பையைப் பற்றிக் கல்லூரியில் நான் படித்தது முழுக்க அவன் விரல் நுனியில் இருந்தது. மனிதனுக்கு ஏன் ஒரே அறை, ஆடு ஏன் புல்லைத் தின்று வாழ முடிகிறது, நம்மால் ஏன் முடியாது என்று அன்றைய பாடம் அவனிடமிருந்துதான் விரிந்தது. அவனுக்கு அந்தப் பரீட்சையில் கிடைத்த மதிப்பெண் எல்லாத் தடவையும் கிடைக்கிற அதேதான். அவனுக்குத் தெரிந்ததைக் கேட்க அந்தத் தாளில் ஒரு கேள்வியும் இல்லை.

வயிற்றுப்போக்குக்கு வருகிறேன். மழைக்காலம் வந்தால் எங்கள் பக்கம் ஒரு தெருவுக்கு ஒரு வீட்டிலாவது வாந்தி பேதி இருக்கும். "தண்ணி குடுத்தா இன்னும் போகும், குடுக்காதே" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கைக்குழந்தைக்கே அப்படிச் செய்கிறார்கள். இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று செரிமானப் பாடத்தில் சொல்லாமல் வேறு எதில் சொல்வது? ஒரு நாளைக்கு நாம் குடிப்பதும் உண்பதுமாக 2 லிட்டர் நீர்தான் உள்ளே போகிறது. ஆனால் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையச் சாறு, குடல் சாறு என்று உடம்பே சுமார் 7 லிட்டரைக் குடலுக்குள் ஊற்றுகிறது. இந்த 9 லிட்டரில் கடைசியில் மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். மீதி அவ்வளவையும் குடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்தத் திரும்ப எடுக்கிற வேலை கெட்டுப்போனால் ஒரு குழந்தை எவ்வளவு சீக்கிரம் வற்றிப்போகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

மருந்தும் அந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. சிறுகுடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் ஜோடி சேர்ந்து உள்ளே நுழைகிற ஒரு வாசல் இருக்கிறது. 1960இல் ராபர்ட் கிரேன் அதை விளக்கினார். காலரா வந்து குடல் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் அந்த வாசல் மூடுவதில்லை. சர்க்கரையும் உப்பும் போனால் பின்னாலேயே தண்ணீர் போகும். 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பங்காவ் ஊர் அகதிகளிடையே காலரா பரவி, நரம்பில் ஏற்றுகிற மருந்து தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். உறவினர்களே டம்ளரில் பிடித்து ஊட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அதுதான். பாக்கெட் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில், தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "சர்க்கரை ருசிக்குத்தானே டீச்சர் போடுறாங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இல்லை, உப்பை உள்ளே கூட்டிப்போவதே அந்தச் சர்க்கரைதான். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை தன் வீட்டில் ஒரு உயிரைக் காப்பாற்றும். ஆனால் சிறுகுடல் என்று கேட்டால் முன்சிறுகுடல், இடைச்சிறுகுடல், பின்சிறுகுடல் என்று பெயர்களைத்தான் கேட்கிறோம்.

குடல்வால் என்றால் எச்ச உறுப்பு, ஒரு மதிப்பெண். என் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் தொப்புளைச் சுற்றி வலி வந்து, ராத்திரி வலது பக்கம் கீழ் வயிற்றுக்கு நகர்ந்தது. சூட்டு வலி என்று வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். மறுநாள் அது உள்ளே வெடித்து, ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் கிடந்தான். பிழைத்தது பெரும்பாடு. அப்படி நகர்கிற வலிக்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். இந்த ஒரு வரியை அவன் படித்திருந்தால் தானே சொல்லியிருப்பான். அவன் குடல்வாலைச் சரியாகக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவன்.

மாத்திரைகளும் எங்கள் கையால்தான் போகின்றன. பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று சாப்பிட வேண்டும். வாரத்துக்கு ஒரு தரம் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. கொடுத்தோம், பதிவேட்டில் எழுதினோம், முடிந்தது. வகுப்புக்குப் பின்னால் ஜன்னலுக்குக் கீழே போய்ப் பார்த்தால் நீல மாத்திரைகள் மண்ணில் கிடக்கின்றன. ஏன் என்று பெண் பிள்ளைகளைத் தனியாகக் கேட்டேன். "கறுப்பாப் போகுது டீச்சர், பயமா இருக்கு" என்றார்கள். உறிஞ்சியது போக மிஞ்சிய இரும்பு மலத்தைக் கறுப்பாக்கும், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த மாத்திரைகள் மண்ணுக்குப் போயிருக்காது. இரும்பை உறிஞ்சுவது முக்கியமாக முன்சிறுகுடல், சாப்பாட்டோடு டீ குடித்தால் அது தடைப்படும், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடும். கொக்கிப்புழு வெறுங்கால் தோல் வழியாக ஏறி, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. செருப்பு போடு என்று நூறு தரம் சொல்வதைவிட இந்தப் பயணத்தை ஒரு தரம் சொன்னால் போதும். பாடமும் மாத்திரையும் ஒரே வகுப்பறையில், சில சமயம் ஒரே நாளில் கொடுக்கிறோம். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல நமக்கு ஐந்து நிமிஷம் இல்லையா?

எல்லாவற்றையும்விட என்னைப் பொறுக்க முடியாமல் ஆக்குவது கழிப்பறை. இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கை, பிறந்த குழந்தையிடமே பார்க்கலாம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் போக வேண்டும் போலத் தோன்றுவது அதனால்தான். இதை மதியம் முதல் பீரியடில் நடத்துகிறேன். அப்போதுதான் சத்துணவு சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல நாலைந்து முகங்கள் நெளிவது எனக்குத் தெரிகிறது. பெண்கள் கழிப்பறை அந்த நேரத்தில் பூட்டியிருக்கிறது. மேல் தொட்டித் தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துபோகிறதாம், சுத்தம் செய்கிற அம்மா காலையில் மட்டும்தான் வருகிறாராம், திறந்துவைத்தால் நாறுகிறதாம்.

அடக்கினால் என்ன ஆகும் என்பதும் அதே பாடத்தில் அடுத்த பத்தி. பெருங்குடலின் வேலை நீரை உறிஞ்சுவது. மலம் தங்கத் தங்க நீர் போய் இறுகிக்கொண்டே இருக்கும். இறுகினால் வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவார்கள், நாளடைவில் உணர்ச்சியே மங்கிப்போகும். பெண் பிள்ளைகள் இன்னும் ஒரு படி போய், பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டிலிருந்து நிரப்பிக் கொண்டுவந்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பிப் போகிறது. சிறுநீர்த் தொற்று வந்து லீவு போடுகிறார்கள், காரணம் காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். மலச்சிக்கலைத் தவிர்க்கும் வழிகள் யாவை என்ற கேள்விக்கு, நார்ச்சத்துள்ள உணவு, போதிய நீர், உரிய நேரத்தில் மலம் கழித்தல் என்று மூன்றையும் பிழையில்லாமல் எழுதித் தருகிறவர்களும் இவர்கள்தான். அந்த விடைத்தாளைத் திருத்தும்போது எனக்கு வயிறு எரிகிறது.

தலைமையாசிரியரிடம் கேட்டேன். "என்ன டீச்சர் பண்றது, ஃபண்ட் வரட்டும்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்கிறார். அதனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்களிடம் பேசினேன். கழுவுகிற அம்மாவுக்கு மதியமும் வர ஒரு தொகை, தொட்டியை இரண்டாம் தரம் நிரப்ப மோட்டார் போடும் பொறுப்பு ஒருவரிடம், சாப்பாட்டு மணி முடிந்து அரை மணி நேரம் பூட்டுத் திறந்திருக்க வேண்டும், உள்ளே ஒரு வாளியும் கப்பும், கைகழுவ ஒரு சோப்பும். இவ்வளவையும் தீர்மானமாக எழுதி அடுத்த கூட்டத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்குச் சிறுகுடல் புடவையையும் இரண்டு சோதனைக் குழாய்களையும் எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன். அம்மாக்களுக்கும் இதை யாரும் சொல்லித்தந்ததில்லை.